எவர் வாயிலுக்கு ஆற்றுப்படுத்துகிறது?
உரோம் நகர வழிகாட்டி நூல்களும் அவற்றின் படங்களும்

அயல்நாட்டு நகரொன்றைக் காணச் செல்லும் ஒருவர் எந்த வழிகாட்டி நூலைத் தம்முடன் கொண்டுசெல்ல வேண்டும் என்னும் வினா வரலாற்று மாணவனின் கவனத்துக்கு உரியதன்று எனக் கருதப்படலாம். புத்தகக் கடையில் ஐந்து நிமிடங்களில் தீர்த்துக்கொள்ளக்கூடிய விடயமாகவே அது தோன்றும். வழவழப்பான தாள், வண்ணப் படங்கள், கையடக்கமான அளவு ஆகியவற்றைப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். ஆனால் நாம் எங்கே நிற்போம், எதனைப் பார்ப்போம், எதனைப் பாராமலே கடந்து செல்வோம் என்பவற்றைப் பெரும்பாலும் அந்நூலே தீர்மானிக்கின்றது. நான்கு நாட்கள் மட்டுமே ஒரு நகரில் தங்கப்போகும் ஒருவருக்கு நூலில் இல்லாத கட்டடம் நகரிலும் இல்லை என்றே கூறிவிடலாம். மேற்படிப்புக்காகவும் மாநாடுகளுக்காகவும் வெளிநாடு செல்வோர் நம் பல்கலைக்கழகங்களில் மிகுந்துவரும் இந்நாளில் இவ்வினாவைச் சற்று ஆழமாக நோக்குதல் தகும்.

தமிழ் பயில்வோருக்கு வழிகாட்டி இலக்கியம் புதியதன்று. பரிசில் பெற்று மீளும் பாணனோ கூத்தனோ எதிர்ப்படும் வறியவனுக்கு வழி சொல்லுதலே ஆற்றுப்படையின் அமைப்பு. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளையும் அவற்றின் இடர்களையும் கோவலனுக்கு எடுத்துரைக்கும் மறையோனும் ஒரு வழிகாட்டியே. இவ்விலக்கியங்களில் படங்கள் இல்லை. சொல்லே படத்தின் தொழிலையும் செய்கின்றது. அதனினும் முக்கியமான உண்மையொன்று ஈண்டு நோக்கற்பாலது. ஆற்றுப்படை எப்பொழுதும் ஒரு புரவலனின் வாயிலுக்கே ஆற்றுப்படுத்துகின்றது. வழியிலுள்ள மலையும் ஆறும் ஊரும் அவ்வாயிலை நோக்கியே அடுக்கப்படுகின்றன. எந்த வழிகாட்டி நூலைக் கையில் எடுத்தாலும் அது எவர் வாயிலுக்கு நம்மை ஆற்றுப்படுத்துகின்றது என்று கேட்பதே முதல் வேலையாக இருத்தல் வேண்டும்.

இக்கேள்வியை ஆராய்வதற்கு உரோம் நகரைவிடப் பொருத்தமான நகர் கிடைப்பது அரிது. ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளாக அந்நகருக்கு வழிகாட்டி நூல்கள் எழுதப்பட்டு வந்துள்ளன. ஒரே கட்டடத்தை ஒவ்வொரு நூற்றாண்டும் எவ்வாறு கண்டது என்பதை அவற்றைக்கொண்டு ஒப்புநோக்க முடியும்.

கி.பி. 1140 ஆம் ஆண்டளவில் இலத்தீன் மொழியில் ஆக்கப்பட்ட ‘மிராபிலியா’, அதாவது உரோம் நகரின் அதிசயங்கள், என்ற சிறுநூலே இவ்வரிசையில் முதன்மையானது. புனித பேதுரு ஆலயத்தைச் சேர்ந்த பெனடிக்ற் என்னும் குருவானவர் இதனை இயற்றினார் எனக் கொள்வோர் உளர். மதில்கள், வாயில்கள், வளைவுகள், குன்றுகள் என்று நகரின் உறுப்புகளை அடுக்கிச் செல்லும் இந்நூல் இடையிடையே கதைகளைப் புகுத்துகின்றது. இலாத்தரன் அரண்மனை முன்றிலில் அன்று நின்ற வெண்கலக் குதிரைச் சிலையைப் பொதுமக்கள் கொன்ஸ்ரன்ரைன் பேரரசனுடையது என நம்பினர். நூலாசிரியரோ அதனை மறுத்து, நகரை முற்றுகையிட்ட கீழைத்தேச மன்னனைத் தனியொருவனாகப் பிடித்துவந்த வீரனின் நினைவுச் சின்னமே அது என்று நீண்டதொரு கதை சொல்கிறார். குதிரையின் நெற்றியிலுள்ள மயிர்க்கற்றை அக்கதையில் ஆந்தையாகிவிடுகின்றது. உண்மையில் அது மார்க்கஸ் ஒரேலியஸ் பேரரசனின் சிலை. மக்கள் நம்பிக்கையும் தவறு. நூலின் திருத்தமும் தவறு. எனினும் முதற் கிறித்தவப் பேரரசனின் உருவம் என்ற அத்தவறான நம்பிக்கையினாலேயே அச்சிலை உருக்கப்படாமல் தப்பியது என்பது அறிஞர் பலரின் கருத்து. பழைய வழிகாட்டி நூல்களின் பிழைகளை எள்ளி நகையாடுவோர் இதனையும் சிந்தித்தல் வேண்டும்.

எட்டாம் பொனிபாஸ் பாப்பரசர் 1300 ஆம் ஆண்டை யூபிலி ஆண்டாகப் பிரகடனஞ் செய்த பின்னர் யாத்திரிகர் தொகை பெருகிற்று. பதினைந்தாம் நூற்றாண்டில் அச்சுக்கலை உரோமை அடைந்ததும் யாத்திரிகருக்கான சிறு பிரசுரங்கள் மலிந்தன. எந்த ஆலயத்தில் எந்தத் திருப்பண்டம் உள்ளது, அங்கே வழிபடுவதால் கிட்டும் ஆன்மிகப் பலன் யாது என்பனவே அவற்றின் பொருள். சிலவற்றில் மரச்செதுக்குப் படங்களும் இடம்பெற்றன. ஆயின் அவை வழி கண்டுபிடிப்பதற்காக வரையப்பட்டவை அல்ல, பக்தியைத் தூண்டுவதற்கானவை. 1554 இல் கட்டடக் கலைஞரான அந்திரேயா பலாடியோ இரு சிறுநூல்களை வெளியிட்டார். ஒன்று பழமைச் சின்னங்களைப் பற்றியது. மற்றையது ஆலயங்களைப் பற்றியது. முந்தைய அதிசய நூல்களில் பொய்கள் நிறைந்திருந்தமையே தம்மை எழுதத் தூண்டிற்று என்பது அவர் கூற்று. இடிபாடுகளை நேரில் அளந்தும் பண்டை ஆசிரியர்களைக் கற்றும் எழுதிய அவருடைய பழமை நூல் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் மீண்டும் மீண்டும் அச்சாயிற்று. அளவுகோலைக் கையில் எடுத்தவர் வழிகாட்டி எழுதத் தொடங்கிய காலம் இது.

படம் நிறைந்த வழிகாட்டியின் உண்மையான வரலாறு பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தொடங்குகின்றது எனலாம். அக்காலத்து உரோமில் ஏறக்குறைய ஒரே வேளையில் மூவர் மூன்று வகையாக நகரைச் செப்புத்தகட்டில் பொறித்தனர். இம்மூவரையும் ஒப்பிட்டு நோக்கினால் இன்று புத்தகக் கடையில் நாம் காணும் நூல்கள் அனைத்தின் வேர்களும் புலப்படும்.

முதலாமவர் ஜுசெப்பே வாசி. 1747 முதல் 1761 வரை பத்துத் தொகுதிகளாக அவர் வெளியிட்ட பெருநூலில் நகரின் வாயில்கள், சதுக்கங்கள், ஆலயங்கள், பாலங்கள், மடங்கள் என யாவும் படமாக இடம்பெற்றன. வாசியின் படங்களில் வண்டிக்காரரும் துணி துவைப்போரும் நாய்களும் உண்டு. கட்டடம் அது இருந்தவாறே நிற்கின்றது. 1763 இல் அவர் இத்தொகுதிகளைச் சுருக்கி, நகரை எட்டு நாட்களில் நடந்து பார்க்கத்தக்க எட்டு வழிகளாகப் பகுத்து, கையடக்கமான நூலொன்றைத் தந்தார். ‘முதலாம் நாள், இரண்டாம் நாள்’ எனப் பகுத்துத் தரும் இன்றைய நூல்களுக்கு முன்னோடி இதுவே எனலாம்.

இரண்டாமவர் பிரனேசி. வாசியிடமே செதுக்குக் கலை பயின்றவர். 1740களின் பிற்பகுதி தொடங்கி 1778 இல் இறக்கும் வரை உரோமின் காட்சிகளைப் பெரிய அளவில் பொறித்து வந்தார். இவருடைய கண் தாழ்ந்து நின்று நோக்குகின்றது. ஆதலால் தூண்களும் வளைவுகளும் வானளாவுகின்றன. கீழே மனிதர் எறும்புகள் போல் சிறுத்து அலைகின்றனர். இப்படங்களை வாங்கிச் சென்ற செல்வர் அவற்றை இலண்டனிலும் பாரிசிலும் தம் மாளிகைச் சுவர்களில் மாட்டினர். உரோமைக் காணுமுன்னரே பிரனேசியின் உரோமைக் கண்டவர்களாக ஒரு தலைமுறை உருவாயிற்று.

மூன்றாமவரான ஜியம்பத்தீஸ்தா நொல்லி காட்சி எதனையும் தரவில்லை, நகரை அளந்தார். 1748 இல் பன்னிரண்டு தகடுகளில் வெளியான அவரது நகரப்படம் அளவீட்டுத் துல்லியத்தில் மட்டும் சிறந்ததன்று. தனியார் வீடுகள் யாவற்றையும் கறுத்த திணிவாகக் காட்டிய அவர், வீதிகளையும் சதுக்கங்களையும் வெண்மையாக விட்டார். ஆலயங்களின் உட்புறத்தையும் அவ்வாறே வெண்மையாக்கி, தூண்களையும் சிற்றாலயங்களையும் நிலத்தளத் திட்டமாகக் குறித்தார். அதாவது பொதுமகன் ஒருவனின் கால் படக்கூடிய இடம் எதுவோ அது வெள்ளை. வீதியிலிருந்து ஆலயத்துக்குள் நுழைந்து மறு வாயிலால் மற்றொரு வீதிக்குச் செல்லும் வழிப்போக்கனின் நகரம் அது. ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்கள் அதில் எண்ணிடப்பட்டு, தனியே அடைவும் தரப்பட்டுள்ளது. அழகை நாடுவோனுக்கு அதில் எதுவுமில்லை. வழியை நாடுவோனுக்கு எல்லாம் உண்டு.

வாசி அடையாளங் காட்டுகிறார். பிரனேசி ஆவலைத் தூண்டுகிறார். நொல்லி இடத்தைக் காட்டுகிறார். ஒரு நூலிலுள்ள படம் இம்மூன்றில் எத்தொழிலைச் செய்கின்றது என்று பார்க்கத் தெரிந்தவர் நூலைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வழி வந்துவிட்டார் என்பதே இக்கட்டுரையாளனின் கருத்து. ஆவலைத் தூண்டும் படத்தின் வேலை பயணஞ் செல்லுமுன்னரே முடிந்துவிடுகின்றது. அது தரும் ஏமாற்றத்துக்கு நல்ல சான்று ஜேர்மானிய மகாகவி கதே. பிராங்போட்டில் அவர் பிறந்த வீட்டின் சுவர்களில் தந்தையார் உரோமின் காட்சிப் படங்களை மாட்டியிருந்தார். சிறு வயதிலிருந்து பார்த்த அப்படங்கள் 1786 இல் தம் கண்முன் உயிர்பெற்று நின்றபோது கதே பெருமகிழ்வுற்றார். ஆயினும் பிரனேசி கற்பனை வளத்தோடு காட்டிய கரகல்லா நீராடு மண்டபத்தின் இடிபாடுகளை நேரிற் கண்டவேளை, எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. கதே தம்முடன் கொண்டுசென்றது வொல்க்மன் என்பவரின் வழிகாட்டி நூல். அதனுடன் உடன்பட்டும் முரண்பட்டும் அவர் தம் குறிப்புகளை எழுதிச் சென்றமை மனங்கொளத்தக்கது. நூலோடு வாதிடுதற்கும் ஒரு நூல் வேண்டும் அல்லவா?

நெப்போலியனின் போர்கள் ஓய்ந்து, பின்னர் புகையிரதமும் நீராவிக் கப்பலும் வந்தபோது பயணம் பிரபுக்களிடமிருந்து மத்தியதர வர்க்கத்துக்கு இறங்கிற்று. இவ்வர்க்கத்துக்கு நேரமும் பணமும் அளவானவை. எனவே எது பார்க்கத்தக்கது, எது தவிர்க்கத்தக்கது என்று தீர்த்துச் சொல்லும் நூலே அதற்குத் தேவைப்பட்டது. மரியானா ஸ்ராக் என்னும் ஆங்கிலப் பெண்மணி கலைப்பொருள்களின் சிறப்பை ஆச்சரியக் குறிகளின் எண்ணிக்கையாற் காட்டினார். அவருடைய நூலை வெளியிட்ட இலண்டன் மறே நிறுவனத்தைச் சேர்ந்த இளைய ஜோன் மறே 1836 இல் தமது கைந்நூல் வரிசையைத் தொடங்கினார். 1843 இல் மத்திய இத்தாலிக்கும் உரோமுக்குமான நூல் வந்தது. மறே குடும்பம் கவிஞர் பைரனின் பதிப்பாளராயிருந்தமையால் இடிபாடுகள் தோறும் பைரனின் அடிகளும் உடன் வந்தன. ஆங்கிலேயன் கொலோசியத்தை நிலவொளியிற் பார்த்தது தன் கண்ணால் அன்று, பைரனின் கண்ணால் என்று கூறினும் மிகையாகாது.

கொப்லென்ஸ் நகரத்துப் புத்தக வணிகரான கார்ல் பேடெக்கர் (1801-1859) மறேயிடமிருந்து பலவற்றைக் கற்றுக்கொண்டு அவரை விஞ்சினார். 1840களில் நட்சத்திரக் குறியீட்டைப் புகுத்தினார். மிகச் சிறந்தவற்றுக்கு இரண்டு, சிறந்தவற்றுக்கு ஒன்று, ஏனையவற்றுக்கு எதுவுமில்லை. மிலான் பேராலயத்தின் கூரைக்கு ஏறுகையில் இருபது படிக்கு ஒரு பட்டாணிக் கடலையாகச் சட்டைப்பையிலிருந்து காற்சட்டைப் பைக்கு மாற்றிப் படிகளை அவர் எண்ணினார் என்றொரு கதை வழங்குகின்றது. அவர் மக்கள் நடத்திய நிறுவனம் 1872 இல் லைப்சிக் நகருக்கு இடம்பெயர்ந்தது. அந்நகரத்து வாக்னர்-டேபெஸ் நிறுவனம் அச்சிட்ட நகரப்படங்கள் அந்நூல்களின் பெருமைக்குக் காரணமாயின. பேடெக்கர் நூல்களில் காட்சிப் படங்களைக் காண்பது அரிது. திட்டப்படங்களும், மலைமேல் நின்று பார்க்கும் அகலக் காட்சிகளும், மெல்லிய தாளில் நெருக்கி அச்சிட்ட சொற்களுமே அவற்றின் உள்ளடக்கம். இடத்தைக் காட்டுதலே நூலின் கடமை. தோற்றத்தைக் காட்டுதல் அதன் வேலையன்று. தோற்றத்தை விரும்பியோர் உரோமில் அண்டர்சன் போன்ற புகைப்படக் கலைஞரின் கடைகளிற் படங்களை வாங்கித் தொகுப்பேட்டில் ஒட்டிக்கொண்டனர். கையில் நொல்லியின் வாரிசு. பெட்டியில் பிரனேசியின் வாரிசு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இப்பாகுபாடு அறிவுடையதென்றே தோன்றுகின்றது.

ஆனால் நட்சத்திரத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இ. எம். போஸ்ரர் 1908 இல் வெளியிட்ட நாவலில், புளோரன்சு நகரத்துச் சாந்தா குரோசே ஆலயத்தினுள் பேடெக்கர் நூலின்றித் தனித்து விடப்படும் இளம்பெண், எந்தக் கல்லறையை அழகியதெனப் போற்றுவது என்றே அறியாது திகைக்கிறாள். அது நாவலாசிரியரின் மெல்லிய கேலி. வரலாறு செய்த கேலியோ கொடியது.

1942 மார்ச்சில் பிரித்தானிய விமானங்கள் லூபெக் நகரைத் தாக்கின. அதற்குப் பழிவாங்குமுகமாக ஏப்ரல் தொடங்கி எக்செற்றர், பாத், நோரிச், யோர்க், கன்ரபரி ஆகிய நகரங்களை ஜேர்மனி குண்டு வீசித் தாக்கியது. போர்த்தொழிலுக்காக அன்றிப் பண்பாட்டுப் பெருமைக்காகவே பெரிதும் அறியப்பட்ட நகரங்கள் அவை. பேடெக்கர் நூலில் நட்சத்திரம் பெற்ற கட்டடங்கள் யாவும் தாக்கப்படும் என ஜேர்மானியப் பேச்சாளர் ஒருவர் கூறியதாகச் செய்தி பரவ, அத்தாக்குதல்களுக்குப் ‘பேடெக்கர் தாக்குதல்கள்’ என்றே பெயர் நிலைத்தது. மறு ஆண்டில் அந்நிறுவனம் நாசிகளால் ஆக்கிரமிக்கப்பட்ட போலந்துப் பகுதிக்கு வழிகாட்டியொன்றை வெளியிட்டது. அப்பகுதியின் ஆளுநரும் பின்னர் 1946 இல் நியூரம்பேர்க்கில் தூக்கிலிடப்பட்டவருமான ஹான்ஸ் பிராங் அதற்கு முகவுரை வழங்கினார். அழகிய சதுக்கங்கள், ஆலயங்கள், விடுதிகள் ஆகியவற்றைப் பழைய ஒழுங்குடன் விவரிக்கும் அந்நூல், சிலவிடங்கள் இப்பொழுது யூதர் அற்றவை என்பதையும் ஒரு தகவலாகக் குறித்துச் செல்கின்றது. அங்கு வாழ்ந்தோர் எங்கே போனார்கள் என்பது அந்நூலுக்கு வேண்டாத விடயம். நகரப்படம் துல்லியமானது. 1943 டிசம்பரில் லைப்சிக் மீது வீழ்ந்த குண்டுகளில் பேடெக்கர் நிறுவனத்தின் கட்டடமும் எரிந்தது.

உரோமிலும் நூலுக்கும் நகருக்கும் இடையிலான உறவு ஒருவழிப்பட்டதாக இருக்கவில்லை. நூல் நகரைப் பின்பற்றிய காலம் போய், நகர் நூலைப் பின்பற்றிய காலமும் வந்தது. கொலோசியத்தையே எடுத்துக்கொள்வோம். ஆங்கில மருத்துவரான றிச்சட் டீக்கின் 1855 இல் அவ்விடிபாட்டினுள் வளர்ந்த 420 தாவர இனங்களை விவரித்து நூலொன்று வெளியிட்டார். பழைய படங்களில் வளைவுகள் தோறும் செடிகொடிகள் தொங்குவது ஓவியனின் கற்பனையன்று. 1870 இல் உரோம் இத்தாலிய அரசுடன் இணைக்கப்பட்ட பின்னர் தொல்பொருள் துறையினர் அவற்றைக் களைந்தனர். ‘பழமைச் சின்னம்’ என நூல்கள் வகுத்த இலக்கணத்துக்குச் செடிகள் ஒவ்வாதனவாயின. பின்னர் முசோலினியின் ஆட்சியில் களையப்பட்டவை செடிகள் மட்டுமல்ல. கொலோசியத்தையும் வெனேசியச் சதுக்கத்தையும் இணைக்கும் நேர்வீதி 1932 இல் திறக்கப்பட்டது. அதற்காக நடுவே இருந்த வேலியா மேடு வெட்டப்பட்டது. இடைக்கால, மறுமலர்ச்சிக்காலக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. அங்கு வாழ்ந்த ஏழை மக்களிற் பலர் நகரின் புறப்பகுதிகளுக்கு அனுப்பப்பட்டனர். கொலோசியத்தின் அருகே பதினெட்டு நூற்றாண்டுகள் நின்ற மெத்தா சூதான்ஸ் என்னும் பண்டைய நீரூற்றின் எச்சமும் 1936 இல் அகற்றப்பட்டது. அதே ஆண்டில் புனித பேதுரு பேராலயத்தின் முன்னிருந்த நெருக்கமான வீதிகளை இடிக்கும் பணி தொடங்கி, 1950 யூபிலி ஆண்டுக்கு அகன்ற பெருவீதி நிறைவுற்றது. ஒடுங்கிய தெருவிலிருந்து திடீரெனப் பெர்னினியின் பெருஞ்சதுக்கத்துள் நுழையும் வியப்பை இன்று எவரும் பெறமுடியாது. தூரத்திலிருந்தே தெரியும் நேர்காட்சியே இன்றுள்ளது. புகைப்படத்துக்கு அது மிகப் பொருத்தம்.

நட்சத்திரமற்ற தெருக்களே இடிக்கப்பட்டன. ஒரு சர்வாதிகாரி பேடெக்கரைப் பார்த்து நகரை இடித்தான் என்று கூறுவது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். பேரரசுக் கனவும் வாகனப் போக்குவரத்தும் நிலமதிப்பும் அதற்குக் காரணங்களாயிருந்தன. எனினும் தனிச்சின்னங்கள் மட்டுமே பெறுமதியுடையன, அவற்றைச் சூழ்ந்த வாழ்க்கை வெறும் மறைப்பு என்ற மனப்பாங்கை ஒரு நூற்றாண்டுக் காலம் வளர்த்ததில் வழிகாட்டி நூல்களின் பங்கை மறுத்தல் இயலாது. பிரெஞ்சு விமர்சகர் ரோலன் பார்த், ‘நீல வழிகாட்டி’ எனப்படும் பிரெஞ்சு நூல் வரிசையைப் பற்றி 1957 இல் வெளியான தம் கட்டுரைத் தொகுதியில் எழுதியபோது ஏறத்தாழ இதனையே சுட்டினார். அந்நூலில் ஒரு தேசம் நினைவுச் சின்னங்களின் தொகுதியாகச் சுருங்கிவிடுகின்றது. மனிதர் மறைந்துவிடுகின்றனர் என்பது அவர் குற்றச்சாட்டு. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பிராங்கோவின் ஸ்பெயின் என்பதனால் அக்குற்றச்சாட்டின் அரசியல் தெளிவாகும்.

புகைப்படம் வழிகாட்டி நூலுக்குள் வெள்ளமெனப் புகுந்தது அண்மைக் காலத்திலேயே. 1970 இல் பாலித் தீவு பற்றி வெளியான நூலுடன் தொடங்கிய ‘இன்சைற்’ வரிசை வண்ணப் புகைப்படங்களுக்கு முதலிடம் தந்தது. 1993 இல் இலண்டனிலிருந்து டோர்லிங் கிண்டர்ஸ்லி நிறுவனம் உரோம் உட்படச் சில நகரங்களுக்கு வெளியிட்ட நூல்கள் வேறொரு வழியை நாடின. கட்டடங்களைக் குறுக்காக வெட்டி உட்புறத்தைக் காட்டும் ஓவியங்களும், தெருக்களைப் பறவைநோக்கில் விரித்துக் காட்டும் ஓவியங்களும் அவற்றின் சிறப்பு. பறவைநோக்கு வாசியின் வழிவந்தது. குறுக்குவெட்டு பலாடியோ போன்ற கட்டடக் கலைஞரின் பட்டறையிலிருந்து வந்தது. ஆனால் அதே பக்கங்களில் நீல வானமும் ஆளற்ற சதுக்கமுமாகப் பிரனேசியின் பேரப்பிள்ளைகளும் நெருங்கி நிற்கின்றன.

இந்நிலையில் பயன்மிக்க நூலை எவ்வாறு தேர்வது? அட்டையைப் பார்த்தன்று, ஒரே கட்டடத்தை மூன்று நான்கு நூல்களிற் புரட்டிப் பார்த்தே தீர்மானித்தல் வேண்டும். உரோமுக்குச் செல்வோர் அதற்கெனச் சான் கிளெமெந்தே ஆலயத்தை எடுத்துக்கொள்ளலாம். வீதி மட்டத்தில் நிற்பது பன்னிரண்டாம் நூற்றாண்டு ஆலயம். அதன் கீழே நான்காம் நூற்றாண்டு ஆலயமொன்று புதைந்துள்ளது. அதற்கும் கீழே முதலாம் நூற்றாண்டுக் கட்டடங்களும், அவற்றுள் பின்னர் அமைந்த மித்திரன் வழிபாட்டுக் குகையும் உள்ளன. வேதங்களில் நாம் அறிந்த மித்திரனோடு பெயருறவுடைய அத்தெய்வம் பாரசீகம் வழியாக உரோமப் போர்வீரரிடம் சென்று சேர்ந்தது. 1857 இல் மலூலி என்னும் ஐரிஷ் துறவி தோண்டத் தொடங்கும் வரை கீழ்த்தளங்கள் உலகுக்குத் தெரியா. நடு ஆலயத்தின் சுவரோவியம் ஒன்றில் இத்தாலிய மக்கள் மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று காணப்படுகின்றது. திட்டும் ஏச்சுமாக உள்ள அவ்வாசகத்தின் அருகிலேயே புனிதரின் இலத்தீன் மொழியும் எழுதப்பட்டுள்ளது. இரட்டை வழக்குடைய மொழியைப் பயிலும் தமிழ் மாணவர் எவரும் அதன் முன் சற்று நேரம் நிற்பர்.

இக்கட்டடத்துக்கு ஒரு நூல் முகப்பின் புகைப்படத்தை மட்டும் தருமாயின் அப்படத்தால் விளையும் நன்மை எதுவுமில்லை. அம்முகப்பை நாம் எப்படியும் பார்க்கப்போகிறோம். மூன்று தளங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும் குறுக்குவெட்டுமுகப் படமே கண்ணால் ஒருங்கே காணமுடியாததைக் காட்டுகின்றது. பாந்தியன் கோவிலுக்கும் இது பொருந்தும். அதன் உட்புற விட்டமும் தரையிலிருந்து கூரைத் திறப்பு வரையிலான உயரமும் ஏறத்தாழ 43 மீற்றராகச் சமமானவை. உள்ளே ஒரு முழுக்கோளம் அடங்கும். இவ்வுண்மையை எந்தப் புகைப்படமும் உணர்த்தாது. வட்டம் வரைந்த எளிய கோட்டுப்படம் உடனே உணர்த்தும்.

பதிப்பின் வயதை அறியவும் வழியுண்டு. முன்னர் கூறிய மார்க்கஸ் ஒரேலியஸ் சிலை 1538 இல் கப்பித்தோலியக் குன்றுக்கு மாற்றப்பட்டது. 1981 இல் பழுதுபார்ப்புக்காக அகற்றப்பட்ட மூலச்சிலை இப்பொழுது அங்குள்ள அருங்காட்சியகத்தினுள் இருக்கின்றது. 1997 முதல் சதுக்கத்தில் நிற்பது பிரதியே. இதனைக் கூறாத நூலின் பிற தகவல்களையும் ஐயுறுதல் நலம். திறக்கும் நேரம், நுழைவுச்சீட்டு விதிகள் ஆகியவற்றுக்காக நூலை நம்புவது இந்நாளில் வீண். அவை அச்சேறுமுன்னரே மாறிவிடுகின்றன. கைத்தொலைபேசியும் நொல்லியின் வேலையிற் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. நாம் நிற்குமிடத்தை அது காட்டிவிடும். அங்கே ஏன் நிற்கிறோம் என்பதற்கே நூல் வேண்டியுள்ளது. நகரப்படம் இரு பக்கங்களின் மடிப்பில் விழுந்து நடுத்தெரு மறையாதிருத்தல், பெயரடைவு இத்தாலியப் பெயர்களாலும் அமைந்திருத்தல், மழையிலும் குலையாத கட்டு என்பன சிறு விடயங்களாயினும் நடப்பவனின் கைக்கு அவை பெரியன.

இறுதியாக, எவர் வாயிலுக்கு என்ற பழைய கேள்விக்கு மீள்வோம். நம்மவர் கைக்கு எட்டும் உரோம் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலேயருக்காக எழுதப்பட்டவை. கீற்ஸ் 1821 இல் இறந்த வீடும் அவர் கல்லறையும் அவற்றில் தவறாது இடம்பெறும், அது முறையே. ஆங்கிலேயரும் ஜேர்மானியரும் தம்மவருக்காக எழுதிய இத்தகைய நூல்களில் நம் தீவும் காட்சிப்பொருளாக இடம்பெற்றிருக்கின்றது. பேடெக்கர் நிறுவனம் 1914 இல் ஜேர்மன் மொழியில் வெளியிட்ட இந்திய வழிகாட்டியில் இலங்கையும் அடங்கும். காட்டப்பட்டவர்களாக அந்நூல்களில் இருந்த நாம் காண்பவர்களாகப் புறப்படுகையில், நம் கேள்விகளையும் கொண்டு செல்லுதல் வேண்டும்.

அத்தகைய ஒரு கேள்விக்குரிய கட்டடம் பாந்தியனிலிருந்து சில நிமிட நடைத்தூரத்தில் உள்ளது. இயேசு சபையினரின் உரோமக் கல்லூரிக்கென 1580களில் எழுந்த அப்பெருங்கட்டடத்தின் ஒரு பகுதியில் இன்று அரசினர் பாடசாலை இயங்குகின்றது. நூல்கள் அதனை ஓரிரு வரியில் கடந்து, ஒட்டியுள்ள புனித இஞ்ஞாசியார் ஆலயத்துக்கு விரைகின்றன. அவ்வாலயத்தில் அந்திரேயா பொத்சோ 1685 இல் தட்டையான துணியில் வரைந்த போலிக் குவிமாடம் உள்ளது. தரையில் அதற்கெனப் பதித்த கல்லின் மேல் நின்று பார்த்தால் அது உண்மையான குவிமாடமே. நூல்களிலுள்ள புகைப்படங்களும் வழக்கமாக அங்கு நின்றே எடுக்கப்படுகின்றன. நான்கடி விலகினால் குவிமாடம் சாய்ந்துவிடும். கல்லூரிக் கட்டடத்துக்கோ படமுமில்லை, நட்சத்திரமுமில்லை. 1577 இல் உரோமிலேயே பிறந்து, அக்கல்லூரியில் இறையியல் பயின்று, 1606 இல் மதுரையை அடைந்து, தமிழ் உரைநடைக்கு அரும்பணி ஆற்றிய தத்துவ போதகர் றொபேட் டி நொபிலி முதுமையிற் சில காலம் போர்த்துக்கேயர் ஆட்சியிலிருந்த யாழ்ப்பாணத்திலும் வாழ்ந்தார். 1656 இல் மயிலாப்பூரில் காலமானார். மதுரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அவர் நடந்த வழி அக்கல்லூரி வாயிலினூடாகச் சென்றது.